ஜேர்மனியர் விட்டுச்சென்ற வீடுகளும் எனது மேசையும்

2011 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் கடைசி நாட்களில், போலந்தின் தென்மேற்கே உள்ள வ்ரொட்ஸ்வாஃப் நகரில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் சமையலறையில் அமர்ந்திருந்தேன். சுவரில் பொருத்திய பலகைத் தட்டில் ஆறு பீங்கான் சாடிகள் வரிசையாக இருந்தன. சீனி, உப்பு, மா, அரிசி என்று அவற்றில் ஜேர்மன் மொழியில் எழுதப்பட்டிருந்தது. ஆசிரியர் கோப்பிக்குச் சீனி எடுத்ததோ அரிசிச் சாடியிலிருந்து. உப்பு இருந்தது மாச் சாடியில். மொழிபெயர்ப்பாளராக என்னுடன் வந்திருந்த, பேர்லினில் வசிக்கும் எனது தங்கையின் மகன், "மாமா, வெளியில எழுதியிருக்கிறது ஒன்று, உள்ளுக்க இருக்கிறது வேறொன்று" என்று காதருகே சொன்னான்.

அவன் சொன்னது தமிழில் என்றாலும் ஆசிரியர் புரிந்துகொண்டு சிரித்தார். 1946 இல் அவர்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு ஆறு வயது. தாயாருக்கு ஜேர்மன் மொழி தெரியாது. தெரிந்துகொள்ளும் மனநிலையும் அன்றைக்கு இல்லை. கையில் அகப்பட்ட சாடியில் அகப்பட்ட பொருளை இட்டு வைத்தார். பின்னர் மகன் ஜேர்மன் படித்தார், பாடசாலையில் அம்மொழியைக் கற்பித்தார், ஆனால் தாயார் வைத்த ஒழுங்கை மாற்றவில்லை.

அந்தச் சாடிகள் அவர்கள் வாங்கியவை அல்ல. வீடும் அவர்கள் கட்டியதன்று. படுக்கையறையில் நின்ற கருங்காலி நிற அலுமாரி, தையல் இயந்திரம், கண்ணாடி பதித்த கதவு, குளியலறைக் குழாயில் வெந்நீருக்கும் குளிர்நீருக்குமான ஜேர்மன் எழுத்துகள், வாசலுக்கு வெளியே வீதி நடுவில் பிரெஸ்லாவ் என்ற பழைய நகரப்பெயர் வார்க்கப்பட்ட இரும்பு மூடி என எல்லாம் முன்னர் அங்கு வாழ்ந்தவர்களுடையவை. போலிஷ் மொழியில் இத்தகைய பொருட்களுக்கென்றே ஒரு சொல் உண்டு: 'போன்யெமியெட்ஸ்கியே'. ஜேர்மனியருக்குப் பின் எஞ்சியது என்று அதற்குப் பொருள் கூறலாம். வீடு, மரம், கரண்டி, தேவாலயம், கிணறு எதற்கும் அந்த அடைமொழி பொருந்தும். கரோலினா குஷிக் என்ற எழுத்தாளர் அச்சொல்லையே தலைப்பாக வைத்து 2019 இல் ஒரு நூல் எழுதினார். அறுபது எழுபது வருடங்கள் பாவித்த பின்னரும் ஒரு பொருளை அதன் பழைய உரிமையாளரின் பெயரால் அழைக்கின்ற மொழி அது. அந்தச் சொல்லில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்கு அன்றே தோன்றியது.

இந்நகரின் வரலாற்றை விரித்தால் கட்டுரை முடியாது. கி.பி. 1000 இல் போலந்து அரசின் கீழ் ஆயர் பீடம் நிறுவப்பட்ட ஊர். 13 ஆம் நூற்றாண்டிலிருந்து ஜேர்மன் குடியேற்றம் பெருகியது. பொஹீமிய முடியும் பின்னர் ஹாப்ஸ்பேர்க் முடியும் ஆண்டன. 1741 இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் கைப்பற்றினார். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் 6 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த, ஜேர்மனியின் பெருநகரங்களில் ஒன்று அது.

அந்த ஜேர்மனியர் யார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1932 ஜூலைத் தேர்தலில் பிரெஸ்லாவ் தொகுதி ஹிட்லரின் கட்சிக்கு அளித்த வாக்கு வீதம் நாட்டின் சராசரியைவிடக் கூடுதலானது. 1938 நவம்பரில் அந்நகரின் பெரிய யூத ஆலயம் எரிக்கப்பட்டது. 1941 நவம்பரில் ஏறத்தாழ ஆயிரம் யூதர்கள் புகையிரதத்தில் ஏற்றப்பட்டு லித்துவேனியாவின் கவுனாஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகவே வெளியேற்றம் அந்நகரில் 1945 இல் ஆரம்பமாகவில்லை. முதலில் வெறுமையான வீடுகள் யூதர்களுடையவை. அவற்றுக்குள் குடிபுகுந்தவர்கள் ஜேர்மனியர்.

1945 ஜனவரியில் நாஜி மாவட்டத் தலைவர் கார்ல் ஹாங்கே பெண்களையும் குழந்தைகளையும் உறைபனியில் கால்நடையாக வெளியேறப் பணித்தார். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நகரம் கோட்டையாகப் பிரகடனம் செய்யப்பட்டது. விமான ஓடுபாதை அமைப்பதற்காக நகரின் நடுவே ஒரு குடியிருப்புப் பகுதியையே தகர்த்தார்கள். பேர்லின் வீழ்ந்து நான்கு நாட்களின் பின்னர், மே 6 ஆம் திகதிதான் பிரெஸ்லாவ் சரணடைந்தது. ஹாங்கே அதற்குச் சற்று முன்னர் விமானத்தில் தப்பிச் சென்றுவிட்டார். இறுதிவரை போராட வேண்டும் என்று கட்டளையிட்டோர் தாம் மாத்திரம் தப்பிச் செல்வது உலகில் ஒரு நகரத்தில் மட்டும் நடந்த சங்கதி அல்ல.

பொட்ஸ்டாம் மாநாட்டில் மூன்று வல்லரசுகளின் தலைவர்கள் ஓடர், நைஸ் நதிகளுக்குக் கிழக்கே உள்ள நிலத்தைப் போலந்தின் நிர்வாகத்தில் விட்டனர். ஜேர்மனியர் ஒழுங்காகவும் மனிதாபிமானத்துடனும் இடம்மாற்றப்பட வேண்டும் என்று ஆவணத்தில் எழுதினார்கள். கிழக்கு, மத்திய ஐரோப்பா முழுவதிலுமாக ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் ஜேர்மனியர் தப்பி ஓடினர் அல்லது துரத்தப்பட்டனர். 1948 அளவில் வ்ரொட்ஸ்வாஃபில் எஞ்சியிருந்தோர் ஒரு சில ஆயிரம் பேரே.

அவர்களுடைய இடத்துக்கு வந்தவர்களும் அகதிகள்தான். ஆசிரியரின் குடும்பம் லிவிவ் நகரைச் சேர்ந்தது. போலிஷ்காரர் அதை லுவூஃப் என்பர். ஸ்டாலின் எல்லையை மேற்கே நகர்த்தியபோது அந்நகரம் சோவியத் உக்ரேனுக்குப் போய்விட்டது. அங்கிருந்த போலிஷ்காரர் புறப்பட வேண்டியதாயிற்று. நகரத்தின் ஒஸ்ஸோலினேயம் நூலகத்தின் ஒரு பகுதி வந்தது. ராட்ஸ்வாவிட்செ யுத்தத்தைச் சித்திரிக்கும், 114 மீற்றர் நீளமான வட்ட ஓவியமும் வந்தது. அது ரஷ்யரைப் போலிஷ்காரர் தோற்கடித்த 1794 ஆம் ஆண்டுச் சமர் என்பதால் 1985 வரை அதனை மக்களுக்குக் காட்டவில்லை! பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்தின் குதிரைச் சிலை நின்ற சதுக்கத்தில், லிவிவிலிருந்து கொண்டுவரப்பட்ட நாடகாசிரியர் அலெக்சாந்தர் ஃப்ரெட்ரோவின் சிலை 1956 இல் நிறுத்தப்பட்டது. ஒரு நகரத்தின் சிலையை இன்னொரு நகரத்தின் வெற்றிடத்தில் வைத்தார்கள். இவர்களைத் தவிர, 1947 இல் போலந்து அரசே தனது தென்கிழக்குப் பகுதியிலிருந்து பலவந்தமாக அப்புறப்படுத்திய ஏறத்தாழ 1 இலட்சத்து 40 ஆயிரம் உக்ரேனியரும் லெம்கோ மக்களும் ஜேர்மனியர் நீங்கிய நிலங்களிலேயே சிதறடித்துக் குடியமர்த்தப்பட்டனர்.

ஆசிரியரின் வீட்டில் ஏழு மாதங்கள் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்தன. ஜேர்மன் தாயும் இரு மகள்மாரும் ஓர் அறையில். லிவிவிலிருந்து வந்தவர்கள் மற்ற இரண்டு அறைகளில். அடுப்பு ஒன்றே. அந்த ஏழு மாதங்களில் தாயார்மார் இருவரும் பேசிக்கொண்டது நினைவில்லை என்றும், சிறுவர்கள் முற்றத்தில் ஒன்றாக விளையாடினர் என்றும் அவர் சொன்னார். ஒரு காலை அவர்கள் கையில் தூக்கக்கூடியதை மாத்திரம் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார்கள். இளைய மகள் தனது மரப் பொம்மையை இவருக்குக் கொடுக்க வந்தாள் என்றும் இவருடைய தாயார் அதை வாங்க விடவில்லை என்றும் சொல்லும்போது அவர் யன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

பின்னர் நடந்தது அழிப்பு. புதிய அரசு அந்நிலங்களை 'மீட்கப்பட்ட பிரதேசங்கள்' என்று பெயரிட்டு அதற்கென ஓர் அமைச்சையே நிறுவியது. அமைச்சர் கொமுல்கா. அறுநூறு வருடங்கள் கழித்துப் போலந்து தன் நிலத்துக்குத் திரும்பியிருக்கிறது, கற்களும் போலிஷ் மொழி பேசுகின்றன என்பதே பாடம். தெருப்பெயர்கள் மாற்றப்பட்டன. கடைச் சுவர்களிலிருந்தும் கல்வெட்டுகளிலிருந்தும் ஜேர்மன் எழுத்துகள் சுரண்டப்பட்டன. இலட்சக்கணக்கான செங்கற்கள் தலைநகர் வார்சோவைக் கட்டுவதற்காக ஏற்றிச் செல்லப்பட்டன. 1970 களிலும் அதனை அடுத்தும் ஜேர்மன் கல்லறைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தரைமட்டமாக்கப்பட்டுப் பூங்காக்களாயின. கல்லறைக் கற்கள் கட்டுமானப் பொருளாகப் பயன்பட்டன.

1971 இல் லிவிவ் நகரில் போலிஷ் இளைஞர்கள் அடக்கம் செய்யப்பட்ட படைவீரர் மயானத்தைச் சோவியத் நிர்வாகம் கனரக வாகனங்களை விட்டு நொறுக்கியது. அந்த மயானத்தைத் தம் நெஞ்சில் சுமந்து வந்த மக்கள் வாழ்ந்த நகரில், அதே காலப்பகுதியில், வேறு மக்களின் மயானங்கள் உழப்பட்டன. தமது தாயாரின் பெற்றோர் கிடப்பது லிவிவில் என்றார் ஆசிரியர். பக்கத்துப் பூங்காவில் எவருடைய பெற்றோர் கிடக்கிறார்கள் என்று அந்நாட்களில் தாம் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

அழித்தால் நிம்மதி வரும் என்று எண்ணியிருக்கலாம். வரவில்லை. அங்கு குடியேறியவர்கள் பல வருடங்கள் பெட்டிகளின் மீது அமர்ந்திருந்தனர் என்று அவர்களே சொல்வதுண்டு. ஜேர்மனியர் திரும்பி வருவர் என்ற அச்சம். கூரை ஒழுகினால் திருத்துவதில்லை, மரம் நடுவதில்லை. எல்லைக்கு மேற்கு ஜேர்மனி சம்மதிக்கவில்லை என்பதை அரசாங்கமே நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருந்தது, அச்சம் அதற்கு இலாபகரமானது என்பதால். 1970 டிசம்பரில் மேற்கு ஜேர்மன் அதிபர் வில்லி பிராண்ட் வார்சோவில் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பின்னரே அது சற்றுத் தணிந்தது. 1990 நவம்பர் 14 ஆம் திகதி ஒன்றிணைந்த ஜேர்மனி எல்லையை முறைப்படி உறுதிசெய்த பின்னர் நீங்கியது எனலாம்.

1970 களில் ஜேர்மனியர் சுற்றுலாப் பயணிகளாக வரத் தொடங்கினர். ஆசிரியரின் வீட்டுக் கதவையும் ஒரு பெண் தட்டினாள். மூத்த மகள். உள்ளே வர அனுமதி கேட்டாள். தாயார் கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பின்னர் கோப்பி வைத்தார், சீனி எடுத்தது அரிசிச் சாடியிலிருந்து. வந்தவள் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அதன் பின்னர் நத்தாருக்கு நத்தார் கடிதம் வந்தது. ஜேர்மன் கற்க வேண்டும் என்ற எண்ணம் தமக்கு அந்தச் சாடிகளால் அல்ல, அந்தக் கடிதங்களால்தான் வந்தது என்றார்.

இன்றைய வ்ரொட்ஸ்வாஃப் தனது ஜேர்மன் கடந்த காலத்தை ஒளிப்பதில்லை. மாக்ஸ் பேர்க் என்ற கட்டிடக் கலைஞர் 1913 இல் கட்டி முடித்த நூற்றாண்டு மண்டபம் கம்யூனிச காலத்தில் மக்கள் மண்டபம் என்று அழைக்கப்பட்டது. 2006 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் அது இடம்பெற்றது. பழைய பெயரும் திரும்பிவிட்டது. 2008 இல் கிரபிஷின்ஸ்கி பூங்காவில், எஞ்சிய கல்லறைக் கற்களைக் கொண்டே, இல்லாமற் போன மயானங்களின் முன்னாள் குடிமக்களுக்கு ஒரு பொது நினைவுச் சுவர் எழுப்பப்பட்டது. நவம்பர் முதலாம் திகதி, சகல புனிதர் தினத்தன்று, ஆசிரியர் எங்களை அங்கு அழைத்துச் சென்றார். யாரோ ஏற்றிய விளக்குகள் கண்ணாடிக் குடுவைகளுக்குள் எரிந்தன. அவரும் இரண்டு ஏற்றினார்.

இந்த மாற்றத்தில் ஓரளவு வியாபாரமும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பல பண்பாட்டு நகரம் என்ற விளம்பரம் உல்லாசப் பயணிகளுக்கு உவப்பானது. யாரும் உரிமை கோரி வரமாட்டார்கள் என்ற நிலையில் தாராளம் காட்டுவது சுலபம். போலந்தில் இதனை எதிர்ப்போரும் உள்ளனர். கொலைகாரர்களின் தேசத்துக்கு நாம் ஏன் விளக்கு ஏற்ற வேண்டும் என்பது அவர்களது கேள்வி. அது அற்பமான கேள்வி அல்ல. 1941 ஜூலையில் ஜேர்மனியர் சுட்டுக் கொன்ற லிவிவ் பேராசிரியர்களுக்கான நினைவுச் சின்னமும் இதே நகரில்தான் நிற்கிறது. இன்னொரு சாரார், பழையதைக் கிளறினால் வீட்டைக் கேட்டு வழக்கு வரும் என்றனர். வழக்கும் வந்தது. ஜேர்மனியில் அமைந்த ஒரு நிறுவனம் சொத்துகளைக் கோரி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2008 இல் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்துவிட்டது.

எனது கருத்து இதுதான். ஒரு வீட்டில் யார் இருந்தார்கள் என்று சொல்வதனால் அந்த வீட்டின் உறுதிப்பத்திரம் கைமாறுவதில்லை. ஜேர்மன் அரசு செய்த குற்றத்தின் அளவு, அந்த இளைய மகளின் பொம்மையை எவருக்கும் சொந்தமாக்குவதுமில்லை. இவ்விரண்டையும் ஒருசேர மனதில் வைத்திருக்க முடியும். ஆசிரியர் வைத்திருந்தார்.

ஆனால் வ்ரொட்ஸ்வாஃபைப் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள என்னால் இயலவில்லை. அந்த நினைவுச் சுவர் எழும்பியது 63 வருடங்கள் கழிந்த பின்னர். யாருக்காக எழுப்பப்பட்டதோ அவர்களின் பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் அப்போது உயிரோடு இல்லை. எல்லை உறுதியாக வேண்டும், அச்சம் நீங்க வேண்டும், பின்னர் நினைவுகூரலாம் என்று காத்திருந்ததன் விலை அது. காத்திராதவர்களும் இருந்தனர். 1965 இல், எல்லைப் பிரச்சினை தீராத வேளையில், போலந்தின் ஆயர்கள் ஜேர்மன் ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தாம் மன்னிப்பதாகவும் மன்னிப்புக் கேட்பதாகவும் அதில் கூறினார்கள். அதனை வரைந்தவர் வ்ரொட்ஸ்வாஃபில் பணியாற்றிய ஆயர் பொலெஸ்வாஃப் கொமினெக். மன்னிப்புக் கேட்க நமக்கு என்ன இருக்கிறது என்று கம்யூனிச அரசு சீறியது. பத்திரிகைகள் துரோகம் என்றன. விசுவாசிகளில் பலருக்கும் அது கசந்தது. ஒரு பத்திரிகையாளன் என்ற வகையில், அந்தப் பத்திரிகைகளில் அன்று எழுதியவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். அவர்களுள் சிலர் அத்தகைய வீடுகளில், அத்தகைய மேசைகளில் அமர்ந்துதான் எழுதியிருப்பார்கள்.

மேசை என்றதும் எனது கதைக்கு வர வேண்டியிருக்கிறது.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் முஸ்லிம்கள், 70 ஆயிரத்துக்கும் அதிகமானோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அது ஒக்டோபர் 30 ஆம் திகதி. கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன. சோனகதெரு ஒரே நாளில் வெறுமையாயிற்று. அதன் பின்னர் அவ்வீடுகளின் ஓடுகளும் கதவுகளும் நிலைகளும் தளபாடங்களும் யாழ்ப்பாணத்தில் விற்பனைக்கு வந்தன. 1991 இன் முற்பகுதியில் நான் ஓர் எழுத்து மேசை வாங்கினேன். முதிரை மரம், மூன்று இழுப்பறை. விலை மலிவு. எங்கிருந்து வந்தது என்று விற்றவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் தெரியாமை அன்று. வீட்டுக்குக் கொண்டுவந்து கீழ் இழுப்பறையைத் துடைக்க வெளியே எடுத்தபோது, அதன் அடிப்புறத்தில் ஒரு பிள்ளை பென்சிலால் தனது பெயரையும் வகுப்பையும் எழுதியிருந்தது. தமிழில், கொஞ்சம் கோணலாக.

இழுப்பறையைத் திரும்பச் செருகினேன். அந்த மேசையில் அமர்ந்து நாலரை வருடங்கள் எழுதினேன். இடப்பெயர்வு பற்றியும், அகதி வாழ்வு பற்றியும், எமது மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் பற்றியும் எழுதினேன். அந்த மக்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று கேட்போருக்கு நான் விளக்கம் சொல்லலாம். அச்சம் உண்மைதான். ஆனால் மேசையை வாங்கும்படி என்னை எவரும் அச்சுறுத்தவில்லையே.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, அதே நாளில், வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நானும் நடந்தேன். மேசையைத் தூக்கிச் செல்ல முடியாது. பின்னர் வீட்டைப் பார்க்கப் போனபோது கூரையும் இல்லை, மேசையும் இல்லை. ஊழ் என்று சொல்லி ஒதுங்குவது எளிது. ஊழ் என்றால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று பொருளாகிவிடும். என் வீட்டை இழந்ததனால் அந்தப் பிள்ளையின் மேசை திரும்பிப் போய்விடவில்லை.

வ்ரொட்ஸ்வாஃபின் ஜேர்மனியரோடு எமது முஸ்லிம்களை நான் ஒப்பிடுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். ஒப்பிட முடியாது. ஜேர்மனியர் உலகை எரித்த ஓர் அரசின் குடிமக்கள். யாழ்ப்பாண முஸ்லிம்கள் எவருடைய வீட்டையும் எரித்தவர்கள் அல்லர். நான் ஒப்பிடுவது என்னையும் அந்த ஆசிரியரையும். அவ்வளவு குற்றம் புரிந்த ஒரு தேசத்தின் மக்களுக்கே அவர் விளக்கு ஏற்றுகிறார் என்றால், நான் எங்கே நிற்கிறேன் என்பதே எனது கேள்வி.

2022 இல் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்தபோது வ்ரொட்ஸ்வாஃப் புகையிரத நிலையம் அகதிகளால் நிறைந்தது. ஆசிரியர் தமது வீட்டில் ஓர் அறையை ஒரு தாய்க்கும் மகனுக்கும் கொடுத்தார் என்று மருமகன் தொலைபேசியில் சொன்னான். முன்னொரு காலத்தில் ஜேர்மன் தாயும் மகள்மாரும் இருந்த அதே அறை.

2009 இன் பின்னர் சோனகதெருவுக்குச் சில குடும்பங்கள் மீண்டன. பலர் இன்னும் புத்தளத்திலேயே இருக்கின்றனர். போலந்திலிருந்து திரும்பிய அடுத்த வருடம் நான் அங்கு போனேன். பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, இழுப்பறையில் இருந்த பெயரையும் அந்த வகுப்பையும் சொல்லி விசாரித்தேன். வயதான ஒருவர் தெரியும் என்றார். அந்தப் பிள்ளை இப்போது புத்தளத்தில் ஓர் ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். எதற்காகக் கேட்கிறீர்கள் தம்பி என்றார். சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேத்தியின் கொப்பியிலிருந்து ஒரு தாள் கிழித்து விலாசம் எழுதித் தந்தார். இன்னொரு தேநீர் சொன்னார். காசு வாங்க விடவில்லை.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. மூன்று தடவை கடிதம் எழுதிக் கிழித்திருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் நான்காவதை எழுத உத்தேசம். இம்முறை அதனைத் தபாலில் இடாமல் நேரில் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன்.